நாற்பதுக்குக் கீழே

பெட்டி அன்றைக்கும் திறக்கவில்லை.

அமலோற்பவம் வலது கட்டைவிரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மூடியின் ஓரத்தில் இருந்த சின்னத் திரையில் எண் ஓடி நின்றது. எழுபத்தொன்று. நாற்பதுக்குக் கீழே இறங்கினால்தான் பூட்டு விடும். உள்ளே இருப்பது இரண்டு சப்பாத்தி, ஒரு கரண்டி பயறுச் சுண்டல், நாலு துண்டு வெள்ளரிக்காய். இதற்குப் போய் இப்படிக் கெஞ்சுகிறோமே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. எண் எழுபத்து நாலு ஆனது.

பக்கத்து இருக்கை நூர்ஜஹான் கண்ணை மூடிக்கொண்டு தன் பெட்டியின் மேல் விரல் வைத்திருந்தாள். கரை தொட்டு ஓடும் காவிரியை நினைத்துக்கொண்டால் எண் இறங்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. இறங்கவும் செய்தது. நாற்பத்திரண்டு வரை வந்தது. "வந்துருச்சுடி, வந்துருச்சு" என்றாள். ஐம்பத்தைந்துக்கு ஏறிவிட்டது.

திருச்சியில் ஓட்டுநர் இல்லாத பஸ்கள் வந்து நாலு வருஷம். ஓட்டுநர் போனார், நடத்துநர் போனார். திட்டு வாங்குவதற்கு மட்டும் மனிதர்கள் தேவைப்பட்டார்கள். பணிமனையின் முதல் மாடியில் இருந்த புகார் மையத்தில் இருபத்து மூன்று பேர் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை காதில் கருவியை மாட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்தார்கள். பாலக்கரையில் மாடு படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை பஸ் நிற்கும். அதற்கு ஒரு வசவு. மழை பெய்தால் குடை பிடித்து நிற்பவரைக் கம்பம் என்று நினைத்து நிறுத்தாமல் போகும். அதற்கு இன்னொரு வசவு. ஒவ்வொரு வசவுக்கும் பிறகு வாய் எதையாவது கடிக்கக் கேட்கும். மேசை இழுப்பறையில் முறுக்கு இருக்கும். நாலு வருஷத்தில் ஆளுக்கு ஒன்பது கிலோ ஏறியிருந்தது.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் காப்பீட்டு நிறுவனம் பெட்டிகளை அனுப்பியது. கொண்டுவந்தவள் ஷெரின் என்ற பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு இருந்தாள். சோற்றுக்கு எதற்கம்மா பூட்டு என்று மேலாளர் கஸ்தூரிரங்கனே கேட்டுவிட்டார்.

"பதற்றத்துல சாப்பிட்டா அது அப்படியே வயித்துல போய் உக்காந்துக்குது சார். அதே சாப்பாட்டை அமைதியா இருக்கறப்ப சாப்பிட்டா செலவாயிடும். அதனால நீங்க அமைதியா இருந்தா மட்டும்தான் பெட்டி திறக்கும். ஒரு மணிக்கு வரும், ரெண்டு மணிக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுவோம்."

"பசிக்கறப்ப எப்படிம்மா அமைதியா இருக்கறது?" என்றாள் அமலோற்பவம்.

"பழகிடும் மேடம். நானும் இதுலதான் சாப்பிடறேன்."

சாப்பிடுகிறவள் மாதிரி அவள் தெரியவில்லை. ஆனால் அமலோற்பவத்துக்கு விவாதம் செய்ய நேரமில்லை. அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. மையத்துக்கு ஏற இருபத்திரண்டு படி. லிஃப்ட் என்று சுவரில் எழுதிய இடத்தில் பழைய நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறி, மேலே வந்து இரண்டு நிமிஷம் நின்று மூச்சு வாங்குவாள். இரண்டு முட்டியையும் மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். காப்பீட்டு நிறுவனமும் சரி என்றது, ஒரு நிபந்தனையோடு. நாலு மாதத்தில் அவள் எடை எண்பதுக்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் இரண்டு வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். அலுவலக நேரத்தில் வெளிச் சாப்பாடு தொட்டது தெரிந்தால் திட்டத்திலிருந்தே நீக்கம். அவள் கையெழுத்துப் போட்டபோது எண்பத்தேழு இருந்தாள்.

மூன்று வாரம் கழித்து எண்பத்தெட்டே கால்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. மத்தியானம் பெட்டி திறக்காது. சாயங்காலம் வீட்டுப் படலைத் திறக்கும்போதே அவள் கணவர் லூர்துசாமி தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிடுவார். ஆறு தோசைக்கு அப்புறம்தான் பேச்சு. "பூட்டு போட்டது பெட்டிக்கு, புண்ணியம் நம்ம மாவுக்கு" என்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. ஏழாவது தோசையைக் கேட்பாள்.

மையத்தில் இன்னொரு மாறுதலும் வந்திருந்தது. சாப்பிட்டாச்சா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் அடி விழும் என்ற நிலைமை. உன் நம்பர் எவ்வளவு என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

அன்றைக்கு, எழுபத்து நாலைப் பார்த்துவிட்டு அமலோற்பவம் பெட்டியைத் தள்ளி வைத்தபோது, இடும்பன் அந்தப் பக்கமாக வந்தான். முப்பத்தெட்டு வயது. பழனிப் பக்கத்துக்காரன். ஐம்பத்து நாலு கிலோதான் என்பதால் அவனுக்குப் பெட்டியும் கிடையாது, ஷெரின் நடத்திய கூட்டத்துக்கு அழைப்பும் கிடையாது. மையத்தில் மற்றவர்கள் ஒரு நாளைக்கு அறுபது அழைப்பு முடித்தால் இவன் பதினொன்று முடிப்பான். திட்டுகிறவர் திட்டி முடிக்கும்வரை "ம்" என்பான். முடித்ததும் "அப்புறம்?" என்பான். கடைசியில் அவர்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதையில் வந்து நிற்பார்கள். அடுத்த ஆட்குறைப்புப் பட்டியலில் அவன் பெயர்தான் முதலில் இருந்தது. எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"என்னக்கா, மூடி இறுக்கமா இருக்கா?" என்று பெட்டியை எடுத்தான். ஊறுகாய் பாட்டிலைத் திறக்கிற மாதிரி இடது கையில் அணைத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் மூடியை அழுத்தினான். கட்டைவிரல் பட வேண்டிய இடத்தில் பட்டது. இருபத்திரண்டு. டக் என்று திறந்தது.

"இந்தாங்க" என்று வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அமலோற்பவமும் நூர்ஜஹானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூட்டைச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ, தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறந்து, தன் மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவனாக இருந்திருக்க வேண்டும். ஒருத்தர் டப்பாவை இன்னொருத்தர் வாங்கித் திறப்பார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பூட்டு, விரல் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று மட்டும்தான் பார்த்தது. யாருடைய விரல் என்று பார்க்கவில்லை.

"இடும்பா, இங்க வா தம்பி" என்றாள் நூர்ஜஹான், மூன்று வாரமாக யாரும் கேட்டிராத குரலில்.

மறுநாளிலிருந்து ஒரு மணிக்கு இடும்பன் முன்னால் வரிசை நின்றது. அவன் ஒவ்வொரு பெட்டியாக வாங்கித் திறந்து கொடுத்தான். இருபது, இருபத்து மூன்று, பத்தொன்பது. இது முறைகேடு என்று கஸ்தூரிரங்கன் முதல் நாள் கண்டித்தார். இரண்டாவது நாள் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் வரிசையில் கடைசி ஆளாக வந்து, பெட்டியை நீட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

வேளைக்குச் சாப்பிட்டதும் மனிதர்கள் மறுபடி மனிதர்களானார்கள். அமலோற்பவத்தின் ராத்திரி தோசை மூன்றாகக் குறைந்தது. ஆறு வாரத்தில் எண்பத்திரண்டுக்கு வந்துவிட்டாள். படியில் நிற்கும் நேரம் இரண்டு நிமிஷத்திலிருந்து ஒன்றானது. முட்டிகள் என்னவோ அப்படியேதான் இருந்தன.

அப்போதுதான் கஸ்தூரிரங்கனுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றியது. இடும்பனின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அவனுக்கு ஒரு பதவி உண்டாக்கினார். பெட்டி திறப்பு ஒருங்கிணைப்பாளர். கழுத்தில் அட்டை. பதினைந்து நிமிஷத்தில் இருபத்து மூன்று பெட்டி என்று இலக்கு. அவன் எண்ணும், பெட்டிக்கு எத்தனை விநாடி ஆகிறது என்பதும் சுவரில் பெரிய திரையில் ஓடும். பெட்டியைத் தொடுகிறவர் திட்டத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருந்ததால் அவனையும் சேர்த்துவிட்டார். ஒல்லியானவர்களுக்கு எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவு ஒன்று இருந்தது. இடும்பன் கையெழுத்துப் போட்டான். அவனுக்கும் ஒரு பெட்டி வந்தது.

முதல் நாள் முப்பத்தெட்டு. அடுத்த நாள் நாற்பத்து நாலு. அந்த வாரக் கடைசியில் அறுபத்தொன்று. சுவரில் எண் ஏற ஏற வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு கேட்கக் கேட்க எண் ஏறியது. ஒருநாள் ஒரு பெட்டிகூடத் திறக்கவில்லை. இருபத்து மூன்று பேர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று சாயங்காலம் ஒரு பெண் ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பற்றித் திட்டிக்கொண்டிருந்தபோது இடும்பன் "சரிம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்று கத்தினான். மையமே திரும்பிப் பார்த்தது.

இரண்டு வாரத்தில் அமலோற்பவம் எண்பத்து மூன்றரைக்கு ஏறிவிட்டாள். இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு இடும்பனின் இருக்கை காலியாக இருந்தது. கீழே போயிருப்பான் என்றாள் நூர்ஜஹான், முன்பெல்லாம் தினமும் இந்நேரம் கீழேதான் போவானாம். அமலோற்பவம் இருபத்திரண்டு படியையும் இறங்கினாள். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவளுக்கு வலிக்கும்.

பஸ்களுக்குப் பேட்டரி ஏற்றும் கூடம் வெதுவெதுப்பாக இருந்தது. இடும்பன் ஒரு மரப்பெட்டியின் மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே பணிமனை நாய் டீசல் உட்கார்ந்திருந்தது. பஸ்கள் எண்ணெயில் ஓடிய காலத்தில் வைத்த பெயர். இரண்டும் ஒன்றையொன்று ஏமாற்றத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன.

"இங்க என்னடா பண்ற?"

"ஒண்ணும் பண்ணலக்கா. அதான் பிரச்சினை." நகர்ந்து இடம் விட்டான். "முன்னெல்லாம் இங்க உக்காந்து தயிர்சாதம் சாப்பிடுவேன். ஒரு டப்பா நிறைய. மோர்மிளகாய் ரெண்டு. கடைசி உருண்டை இவனுக்கு."

"தினமுமா?"

"நாலு வருஷமா. அழைப்பு வரும், திட்டுவாங்க, எனக்கு உறைக்கவே உறைக்காது. நான் பெரிய பொறுமைசாலின்னு நீங்கள்லாம் நினைச்சிட்டீங்க. எனக்குப் பொறுமையெல்லாம் கிடையாதுக்கா. எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. நான் சாப்பிட்டவன், அவ்வளவுதான்."

"அப்ப இப்பவும் சாப்பிட வேண்டியதுதானே?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்ல. வெளிச் சாப்பாடு தொடக்கூடாதுன்னு."

அமலோற்பவம் மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். முட்டி இரண்டும் மடங்கும்போது சத்தம் கொடுத்தன. மூன்று மாதத்துக்கு முன் தான் கேட்ட கேள்வியை நினைத்துக்கொண்டாள். பசிக்கிறபோது எப்படி அமைதியாக இருப்பது. பழகிடும் என்றாள் ஷெரின். அவளும் திரும்பக் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டால் இரண்டு வருஷம். பேசாமல் இருந்தாலும், இப்போது ஏறுகிற வேகத்தில், அதே இரண்டு வருஷம். பட்டினியோடு இரண்டு வருஷமா, சாப்பிட்டுவிட்டு இரண்டு வருஷமா என்பது மட்டும்தான் கேள்வி.

"நாளைக்கு நான் இட்லி கொண்டாறேன்" என்றாள். "தொடறது நீ மட்டும் இல்ல. நானும்தான்."

எட்டு இட்லி கொண்டுவந்தாள். ஆளுக்கு நாலு. டீசலுக்கு இடும்பன் தன்னுடையதில் பாதி கொடுத்தான். ஒரு மணிக்குச் சுவர்த் திரையில் முப்பத்தொன்று என்று வந்தது. வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அமலோற்பவம் வரிசையில் நிற்கவில்லை. தன் மேசையிலேயே பெட்டியின் மேல் விரலை வைத்தாள். முப்பத்தாறு. முதல்முறையாக அவள் விரலுக்கே திறந்தது. அவளுக்குத்தான் வயிற்றில் இடமில்லை. டீசலுக்கு ஒரு சப்பாத்தியைக் கீழே எடுத்துப் போனாள்.

ரகசியம் நாலு நாள் தாங்கியது. ஐந்தாவது நாள் நூர்ஜஹான் அமலோற்பவத்தின் தோளருகே குனிந்து மோந்து பார்த்தாள். "எம்புட்டு நாளா நடக்குது இது?" என்றாள். அடுத்த வாரம் கூடத்தில் பத்துப் பேர். அதற்கடுத்த வாரம் எல்லோரும். முறை வைத்துக்கொண்டார்கள். திங்கள் பொங்கல், செவ்வாய் நூர்ஜஹானின் சேமியா, புதன் இடும்பன் வீட்டுத் தயிர்சாதம், வெள்ளிக்கு அமலோற்பவத்தின் இட்லி. ஒரு வியாழக்கிழமை படியில் காலடிச் சத்தம் கேட்டு எல்லோரும் பாத்திரத்தை மறைத்தார்கள். கஸ்தூரிரங்கன் இறங்கி வந்தார். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டு.

எல்லோருக்கும் பெட்டி தானாகத் திறந்ததால் ஒருங்கிணைப்பாளருக்கு வேலை இல்லாமல் போனது. இடும்பன் அட்டையைக் கழற்றிவிட்டு ஒரு நாளைக்குப் பதினொரு அழைப்புக்குத் திரும்பினான். பட்டியலில் அவன் பெயரை மறுபடி எழுத கஸ்தூரிரங்கனுக்குக் கை வரவில்லை. புதன்கிழமை தட்டை நீட்ட வேண்டுமே. சப்பாத்திகளெல்லாம் டீசலுக்குப் போயின. அது உருண்டு திரண்டு, பஸ் அடியில் நுழைய முடியாமல் சுற்றிப் போக ஆரம்பித்தது. மாநிலத்திலேயே அமைதியான அலுவலகம் இதுதான் என்று காப்பீட்டு நிறுவனம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது.

அமலோற்பவத்தின் ராத்திரி தோசை இரண்டில் நின்றது. லூர்துசாமி மாவு புளித்துப் போகிறது என்று குறைப்பட்டார்.

கெடு முடிகிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ஷெரின் எடைக் கருவியோடு பன்னிரண்டு மணிக்கு வந்தாள். போன முறைக்கு இப்போது இன்னும் மெலிந்திருந்தாள். தோள்பையில் அவளுடைய பெட்டியின் விளிம்பு தெரிந்தது. அமலோற்பவம் செருப்பைக் கழற்றி, நூர்ஜஹானின் தோளைப் பிடித்துக்கொண்டு கருவி மேல் ஏறினாள். யாரும் அழைப்பு எடுக்கவில்லை. எங்கோ பஸ்கள் மாடுகளுக்காக நின்றுகொண்டிருந்திருக்கும்.

"எண்பது புள்ளி ஆறு" என்றாள் ஷெரின். படிவத்தைப் புரட்டினாள். "வெறும் வயித்துலதானே ஏறினீங்க மேடம்?"

கஸ்தூரிரங்கன் பின்னாலிருந்து ஆமாம் என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினார். ஆமாம் என்றால் அறுநூறு கிராமில் முட்டி போகும். இல்லை என்றால் இருபத்து மூன்று பேரும் மாட்டுவார்கள். ஆனால் அமலோற்பவத்துக்கு அன்று நல்ல நிறைவான வயிறு. நிறைந்த வயிற்றோடு பொய் சொல்ல அவளுக்கு அவசரம் எதுவும் தோன்றவில்லை.

"இல்லம்மா. பதினோரு மணிக்கு நாலு இட்லி சாப்பிட்டேன். ஒரு மாசமா தினமும் எதாவது சாப்பிடறேன். மத்தவங்களைக் கேக்காத. என்னைய மட்டும் எழுதிக்க."

கஸ்தூரிரங்கன் சுவரில் எதையோ படிக்க ஆரம்பித்தார். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

"நானும்தாங்க" என்றான் இடும்பன்.

"நானும்" என்றாள் நூர்ஜஹான்.

ஷெரின் கையிலிருந்த திரையில் மையத்தின் அறிக்கையைப் பின்னால் நகர்த்தினாள். ஒரு மாதத்துக்கு முன்னால் கோடு மலை மாதிரி இருந்தது. அப்புறம் தரையோடு தரையாக ஓடியது. வெகு நேரம் அதையே பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்து விரலை வைத்தாள். எழுபத்தெட்டு.

"நேத்தும் திறக்கல" என்றாள், யாரிடமும் சொல்லாத மாதிரி. அப்புறம் நிமிர்ந்தாள். "மிச்சம் இருக்கா?"

"என்னது?"

"இட்லி."

இருந்தது. நூர்ஜஹான் எடுத்து வரக் கீழே ஓடினாள். ஷெரின் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே கருவி மேல் ஏறினாள். நாற்பத்தொன்பது புள்ளி மூன்று. குறித்துக்கொண்டாள். பிறகு மேசையோரம் நின்றபடியே நாலு இட்லியையும் சாம்பாரில் முக்கிச் சாப்பிட்டாள். வேகத்தைப் பார்த்து இடும்பன் கேட்காமலே சாம்பாரை இன்னொரு தரம் ஊற்றினான். மறுபடி ஏறினாள். நானூறு கிராம் கூடியிருந்தது.

"எண்பது புள்ளி ரெண்டு" என்று கணக்குப் போட்டார் கஸ்தூரிரங்கன். அவர் முகம் தொங்கியது.

"தண்ணி குடிச்சீங்களா மேடம்?"

"ஒரு டம்ளர் குடிச்சேன்."

ஷெரின் ஒரு டம்ளர் குடித்தாள். ஏறினாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சரியாக அறுநூறு. கழித்தால் எண்பது. ஆனால் விதியில் எண்பதுக்குக் கீழே என்று இருந்தது.

"சட்னி" என்றாள் நூர்ஜஹான். "அமலுக்கு நான் தேங்காய்ச் சட்னி வச்சேனே. ரெண்டு கரண்டி."

அமலோற்பவத்துக்குச் சட்னி சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. உண்மையை ஒருமுறை சொல்லியாகிவிட்டது, ஒரு நாளைக்கு அது போதும் என்று பேசாமல் இருந்தாள். ஷெரின் இரண்டு கரண்டிச் சட்னியை விரலால் வழித்துச் சாப்பிட்டு ஏறினாள். அறுநூற்று எழுபது.

படிவத்தில் நிதானமாக எழுதினாள். இரைப்பையில் இருந்த உணவு கழிக்கப்பட்டது. சோதனை முறையில் சரிபார்க்கப்பட்டது. நிகர எடை எழுபத்தொன்பது புள்ளி ஒன்பது மூன்று. கீழே முத்திரை வைத்தாள். அமைதிக்கான காரணம் என்று இருந்த கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஊழியர்கள் பதினோரு மணிக்குக் கூடி ஒரு பயிற்சி செய்கிறார்கள், உபகரணம் தேவையில்லை என்று எழுதினாள்.

கிளம்பும்போது மேசையில் மறந்துபோன தன் பெட்டியை எடுத்தாள். விரல் பட்டது. இருபத்தொன்பது. மூடி திறந்துகொண்டது. ஷெரின் உள்ளே இருந்த சப்பாத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கீழ நாய் இருக்கு" என்றான் இடும்பன்.

அவள் படி இறங்க ஆரம்பித்தாள். பாதியில் நின்று திரும்பி, திங்கட்கிழமை யார் முறை என்று கேட்டாள்.

"உங்க முறை" என்றாள் அமலோற்பவம்.